பிரதேச சபை கம்பனி அன்று

உள்ளூராட்சி மன்றங்களைக் கம்பனிகளைப் போல் நடத்த வேண்டும் என்னும் குரல் அண்மைக் காலமாக நாடெங்கும் ஓங்கி ஒலிக்கின்றது. அமைச்சர்கள் கூறுகின்றனர், ஆலோசகர்கள் கூறுகின்றனர், பயிற்சிப் பட்டறைகளில் வெண்பலகைக்கு முன் நின்று விரிவுரையாற்றுவோரும் கூறுகின்றனர். வினைத்திறன், உற்பத்தித்திறன், இலக்கு, சேவை பெறுநர் என்னும் சொற்கள் இன்று பிரதேச சபைக் கந்தோர்களின் சுவர்களில் எல்லாம் எழுதப்பட்டுள்ளன. தனியார் நிறுவனம் ஒன்று ஒரு நாளில் முடிக்கும் கருமத்தைச் சபை ஒன்று ஒரு மாதத்திலும் முடிப்பதில்லை. ஆதலின் தனியார் துறையின் முகாமைத்துவ முறைகளை அப்படியே கொண்டுவந்து சபையில் நாட்டினால் சகல குறைகளும் நீங்கிவிடும் என்பது இவர்களின் வாதம்.

2025 மே 6ஆம் திகதி நடந்த தேர்தலின் பின்னர் எமது மக்களின் பிரதிநிதிகள் மீண்டும் சபைகளில் அமர்ந்துள்ளனர். அவர்கள் முன் இந்த வாதம் ஒவ்வொரு நாளும் வைக்கப்படும். எதை ஏற்பது, எதை விலக்குவது என்று அவர்களும், அவர்களைத் தெரிந்தனுப்பிய மக்களும் தெளிந்துகொள்ள வேண்டிய வேளை இது. ஆகவே இவ்விடயத்தைச் சற்று விரிவாக ஆராய விழைகின்றோம்.

முதலில் ஒன்றை ஒளிவுமறைவின்றிக் கூறிவிடுவோம். உள்ளூராட்சிக் காரியாலயங்களில் தாமதமும் அசட்டையும் இல்லை என்று நாம் வாதாட வரவில்லை. வீடு கட்ட அனுமதி கேட்டு விண்ணப்பித்தவர் அத்திவாரம் வெட்டும் சுபநாள் கடந்த பின்னரும் கந்தோர்ப் படியேறி இறங்குவதை நாம் அறிவோம். காணிக்கு வீதி எல்லைச் சான்றிதழ் பெறுவதற்காக நொத்தாரிசும் கட்சிக்காரரும் வாரக்கணக்கிற் காத்திருப்பதை அறிவோம். மாரி தொடங்குமுன் வெட்டப்பட வேண்டிய வெள்ள வாய்க்கால் மாரி முடிந்த பின்னர் வெட்டப்படுவதையும், தோட்டத்திற்குப் போகும் ஒழுங்கையில் உழவு இயந்திரம் புதைந்து நிற்பதையும் விவசாயி அறிவான். “அதிகாரி இல்லை, நாளை வாருங்கள்” என்ற விடைக்கு எந்தத் தத்துவமும் நியாயம் கற்பிக்க முடியாது. சோம்பலைச் சுயாட்சியின் பெயரால் மூடிமறைப்போர் சுயாட்சிக்கே தீங்கு செய்வோராவர்.

ஒழுங்கான முறைகள் அரசாங்க நிலையங்களிலும் பயன் தரும் என்பதற்கு எம் நாட்டிலேயே சான்று உண்டு. வேண்டாதவற்றை அகற்றுதல், வேண்டியவற்றை இடமறிந்து அடுக்குதல், துப்புரவு பேணுதல், ஒரே முறையை எங்கும் கைக்கொள்ளுதல், அம்முறையைப் பழக்கமாக்குதல் என்ற யப்பானியரின் ‘ஐந்து எஸ்’ முறையைக் கொழும்பு காசல் வீதி மகளிர் வைத்தியசாலை 2000ஆம் ஆண்டளவில் மேற்கொண்டது. அவ்வைத்தியசாலை அடைந்த மாற்றம் பிற நாடுகளின் கவனத்தையும் ஈர்த்தது. 2007 முதல் யப்பானிய உதவியுடன் ஆபிரிக்க நாடுகளின் வைத்தியசாலைகளுக்கு அம்முறை எடுத்துச் செல்லப்பட்டபோது, காசல் வீதியே எடுத்துக்காட்டாகக் கொள்ளப்பட்டது. இலாபம் தேடாத, கட்டணம் வாங்காத அரசாங்க வைத்தியசாலை ஒன்று இதனைச் சாதித்தது என்பதை வாசகர்கள் மனங்கொள்ள வேண்டும். தலைமை நிலைத்து நின்றது, ஊழியர் அனைவரும் பங்குகொண்டனர், முறை வேரூன்றியது.

ஆனால் எமது சபைக் காரியாலயங்களில் நடப்பது என்ன? ஐந்து எஸ் வந்தது. அலுமாரிகளில் வர்ணச் சீட்டுகள் ஒட்டப்பட்டன. 2008ஆம் ஆண்டின் சுற்றறிக்கையால் பிரசைகள் பட்டயம் வந்தது. எந்தச் சேவை எத்தனை நாளில் நிறைவேறும் என்று வாசலிற் பலகை நாட்டப்பட்டது. எழுதுவினைஞர் என்ற பழைய பெயர் போய், முகாமைத்துவ உதவியாளர் என்ற புதிய பெயர் வந்தது. விருதுக்கான பரிசோதகர் வரும் நாளில் மேசைகள் பளபளக்கின்றன, பூச்சாடிகள் முளைக்கின்றன. பரிசோதகர் சென்ற மறுநாள் கோப்பு பழைய இடத்தில் பழைய தூசியுடன் உறங்குகின்றது. எல்லாச் சபைகளும் இப்படியே என்று நாம் கூறோம். உண்மையாக உழைத்து முன்னேறிய சபைகளும் உள. எனினும் வைத்தியசாலை ஒன்றில் வேரூன்றிய முறை, சபைகள் பலவற்றில் வெறும் வர்ணப்பூச்சாக முடிந்தது ஏன் என்று கேட்கவேண்டியவர்கள் கேட்பதில்லை. ஊழியர் சோம்பேறிகள் என்று ஒரே சொல்லில் விடை கூறிவிட்டு அப்பாற் செல்கின்றனர். அவ்விடை போதாது.

முதற் காரணம் அதிகாரமின்மை. கம்பனி முகாமையாளன் தனக்கு வேண்டிய ஆளை நியமிக்கின்றான், திறமைக்குச் சம்பளம் உயர்த்துகின்றான், உதவாதவனை நீக்குகின்றான், முதல் போதாதவிடத்து வங்கிக்குச் செல்கின்றான். பிரதேச சபைத் தவிசாளர் இவற்றில் எதனைச் செய்ய வல்லார்? சபைக்கு எத்தனை பேர் வேண்டும் என்ற ஆளணித் தீர்மானத்திற்குக் கொழும்பில் திறைசேரியின் முகாமைத்துவ சேவைகள் திணைக்களம் இணங்க வேண்டும். நியமனமும் இடமாற்றமும் மாகாண நிர்வாகத்தின் கையில். சம்பளத்திற்குச் சபைகள் பெரிதும் நம்பியிருப்பது மத்திய அரசின் மானியத்தை. சோலைவரிக்கு ஆதாரமான மதிப்பீட்டைச் செய்வது அரசாங்க விலைமதிப்புத் திணைக்களம். அது வரும்வரை பழைய மதிப்பீட்டின்மேல் பழைய வரியை அறவிட்டுக்கொண்டு சபை காத்திருக்க வேண்டும். கையையும் காலையும் கட்டிவிட்டு, “கம்பனிக்காரன் ஓடுகின்றானே, நீ ஏன் ஓடவில்லை?” என்று கேட்பது எவ்வகை நீதி? முறையை மட்டும் இரவல் தந்து, அம்முறையை இயக்கும் அதிகாரத்தைத் தம்மிடமே வைத்துக்கொள்வோர், மாட்டைத் தம் தொழுவிற் கட்டிவிட்டு ஏரை மட்டும் எம் தோளில் ஏற்றுகின்றனர்.

உள்ளூராட்சி 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தால் மாகாணங்களுக்கு உரிய விடயமாக்கப்பட்டது உண்மையே. ஆயினும் சபைகளின் அமைப்பையும் வடிவத்தையும் தீர்மானிக்கும் உரிமை பாராளுமன்றத்திடமே எஞ்சி நிற்கின்றது. அம்மாகாண சபைகளுக்குத்தானும் நேர்ந்த கதி யாது? 2013இல் மக்கள் தெரிந்த வடமாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிவுற்றது. 2025இல் உள்ளூராட்சித் தேர்தல் நடத்தப்பட்ட வேளையிலும் மாகாண சபைத் தேர்தலைக் காணவில்லை. மேற்பார்வை செய்யவேண்டிய மாகாண சபை மக்கள் பிரதிநிதிகள் இன்றி ஆளுநரின் கீழ் நடைபெற, அதன் கீழுள்ள பிரதேச சபை முகாமைத்துவம் கற்க வேண்டுமாம்!

அரசியல்வாதிகளை அகற்றிவிட்டு நிர்வாகத்தை நிபுணரிடம் கொடுத்தால் எல்லாம் செம்மையுறும் என்போரும் உளர். அந்தப் பரிசோதனையும் நடந்து முடிந்ததே! 2018 பெப்ரவரி 10ஆம் திகதி தெரிவான சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. அவ்வாண்டு மார்ச் 9ஆம் திகதி நடக்கவிருந்த தேர்தல் பணமில்லை என்ற சாட்டினால் நிறுத்தப்பட்டது. அச்செயல் மக்களின் அடிப்படை உரிமையை மீறியது என்று 2024 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இடைப்பட்ட ஈராண்டுக்கு மேலாகத் தவிசாளரும் இல்லை, உறுப்பினரும் இல்லை; உத்தியோகத்தரே சபைகளை நடத்தினர். தீர்மானத்தைத் தாமதப்படுத்த வட்டார உறுப்பினர் எவரும் அங்கு இல்லை. கூச்சலிட எதிர்க்கட்சியும் இல்லை. அக்காலத்தில் எமது ஒழுங்கைகள் பளிங்காயினவா? வாய்க்கால்கள் காலத்தில் வெட்டப்பட்டனவா? வாசகர்கள் தத்தம் ஊரை நோக்கி விடை கூறட்டும். உத்தியோகத்தரை நாம் பழிக்கவில்லை. கேட்பார் அற்ற நிர்வாகம் விரைவான நிர்வாகமாகும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை என்றே கூறுகின்றோம்.

இரண்டாவது காரணம் அளவுகோல். கம்பனிக்கு இலாபம் என்ற ஒரே அளவுகோல் உண்டு. வருட முடிவில் ஐந்தொகையை விரித்தால் நன்மையும் தீமையும் ஒரே வரியில் தெரிந்துவிடும். சபைக்கு அவ்வசதி இல்லை. மயானத்திற்குப் போகும் பாதையின் இலாபம் யாது? ஐந்து குடும்பங்கள் மட்டும் வாழும் கோடிப்புறத்து ஒழுங்கையில் எரியும் விளக்கின் வருமானம் யாது? வாசிகசாலையிற் பத்திரிகை படிக்கும் சிறுவன் செலுத்தும் விலை யாது? கம்பனிக் கணக்கின்படி முதலில் மூடவேண்டியது நூலகமே. அது ஒரு சதமும் உழைப்பதில்லை. ஆயின் 1933இல் க. மு. செல்லப்பா அவர்கள் தமது இல்லத்தில் வித்திட்ட முயற்சி, பொதுமக்களின் கொடையாலும் மாநகர சபையின் பராமரிப்பாலும் வளர்ந்து 1959இல் மாளிகையாக நிமிர்ந்து யாழ்ப்பாணப் பொது நூலகமானது. 1981இல் அது தீக்கிரையானபோது தமிழினம் முழுவதும் கண்ணீர் வடித்தது. எந்த இலாபநட்டக் கணக்கிலும் அடங்காத ஒன்றை இழந்தோம் என்பதனாலன்றோ அக்கண்ணீர்?

இலாபம் என்ற அளவுகோல் இல்லாதவிடத்து அதற்குப் பதிலாக எண்ணிக்கைகள் வருகின்றன. ஒவ்வோர் உத்தியோகத்தருக்கும் இலக்கு. ஒவ்வோர் இலக்கிற்கும் புள்ளி. இதில் ஒளிந்திருக்கும் ஆபத்தை அனுபவமுள்ள எந்த விவசாயியும் உணர்வான். கூலியாள் வெட்டிய பாத்திகளின் எண்ணிக்கைக்கே கூலி என்றால் பாத்தி பெருகும், ஆழம் குறையும். குப்பை ஏற்றும் உழவு இயந்திரம் எத்தனை நடை போயிற்று என்பதே இலக்கானால், அரைச் சுமையுடன் நடைகள் பெருகும். முடித்த கோப்புகளின் எண்ணிக்கையே திறமையானால், இலகுவான கோப்புகள் விரைந்து முடியும். விதவை ஒருத்தியின் சிக்கலான காணிக்கோப்பு அடியிற் கிடக்கும். வரி அறவீட்டு வீதமே பெருமையானால், நாணயமாகச் செலுத்துபவரிடமே மீண்டும் மீண்டும் ஆள் போகும். பெருந்தொகை நிலுவை வைத்திருக்கும் செல்வாக்குள்ளவரின் வாசலை எவரும் மிதியார். எண்களை நாம் வெறுக்கவில்லை. எண் மனிதனுக்குக் கண்ணாடியாக இருக்கலாம். கண்ணாக இருத்தல் இயலாது.

மூன்றாவது, வேலைகளைக் குத்தகைக்கு விடும் முறை. இதனைப் புதிய ஞானம் போல் சிலர் போதிக்கின்றனர். எம்மவர்க்கு இது புதிதன்று. சந்தைக் குத்தகையை அறியாத விவசாயி யாழ்ப்பாணத்தில் உண்டா? கேள்விப்பத்திரம் கோரிக் கூடிய தொகை கேட்பவருக்குச் சந்தையைக் கொடுத்துவிட்டால் சபைக்குச் சிரமமில்லை. பணம் முன்கூட்டியே வந்துவிடுகின்றது. கணக்கு ஏட்டில் இதனைவிட அழகான காரியம் இல்லை. ஆனால் கூடிய தொகை கட்டிய குத்தகைக்காரர் அத்தொகையை எவரிடம் அறவிடுவார்? விடியற்காலை மருதனார்மடத்திலோ சுன்னாகத்திலோ திருநெல்வேலியிலோ மரக்கறி மூட்டையை இறக்கும் தோட்டக்காரனிடமே. 100 கிலோ மரக்கறிக்கு 10 கிலோவைக் கழிவென்று கழித்துக்கொள்ளும் வழக்கத்தைப் பற்றிக் குடாநாட்டு விவசாயிகள் பல ஆண்டுகளாக முறையிட்டு வருகின்றனர். சந்தையைச் சபை வருமானத்திற்கான ஒரு சொத்தாக மட்டும் நோக்கும் வரையில் அம்முறைப்பாடு எவர் காதிலும் ஏறாது. நிறைகோலைக் காவல் செய்வதும், மழைக்கு ஒதுங்கக் கூரை தருவதும், விளைவித்தவனுக்கும் வாங்குபவனுக்கும் இடையே நீதி நிலைநாட்டுவதும் சபையின் கடமைகள். குத்தகைப் பணம் அக்கடமைகளுக்கு விலையாகிவிடக் கூடாது.

இம்முறையை நாடளாவிய சட்டமாகவே இயற்றிப் பார்த்த தேசமும் உண்டு. ஆங்கில நாட்டில் திருமதி தாட்சரின் அரசாங்கம் 1980இல் தொடங்கி, 1988ஆம் ஆண்டின் சட்டத்தால் விரிவாக்கி, குப்பை அகற்றல், தெருக் கூட்டல், கட்டடச் சுத்திகரிப்பு முதலிய பணிகளைப் போட்டிக் கேள்விப்பத்திரத்திற்கு விடுமாறு உள்ளூராட்சி மன்றங்களைக் கட்டாயப்படுத்தியது. சில இடங்களிற் செலவு குறைந்தது மெய்யே. ஆயினும் அடித்தள ஊழியரின் ஊதியமும் வேலை நிபந்தனைகளும் நெருக்குண்டன. குறைந்த விலையே தகுதி என்ற நிலை தோன்றிற்று. ஈற்றில் 1999இல் இயற்றிய சட்டத்தால் அக்கட்டாயம் நீக்கப்பட்டு, விலையோடு தரத்தையும் சேர்த்து நோக்கும் முறை புகுத்தப்பட்டது. செல்வமும் நீண்ட நிர்வாகப் பழக்கமும் உள்ள ஒரு நாடு இருபது ஆண்டு பரீட்சித்துத் திருத்திக்கொண்ட ஒன்றை, நாம் கண்ணை மூடிக்கொண்டு தொடக்கத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டுமா? எமது சபைகளிலும் அமைய ஊழியராக ஆண்டுக்கணக்கில் நாட்சம்பளத்திற்கு உழைக்கும் சுகாதாரத் தொழிலாளர் உளர். சிக்கனம் என்ற பெயரில் முதல் வெட்டு அவர்கள் கழுத்திலேயே விழும் என்பதை நாம் மறத்தல் ஆகாது.

இவற்றுக்கெல்லாம் அடிப்படையான பிழை ஒன்றுண்டு. அது மக்களை வாடிக்கையாளர் என்று அழைப்பதிலுள்ளது. கேட்பதற்கு இனிய சொல். மரியாதை தருவது போன்ற சொல். ஆனால் வாடிக்கையாளனுக்கு உள்ள உரிமை யாது? பிடித்தால் வாங்குவான், பிடிக்காவிடின் அடுத்த கடைக்குப் போவான். வலிகாமத்து விவசாயி தன் பிரதேச சபை பிடிக்கவில்லை என்று தோட்டத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வேறு சபைக்குப் போக முடியுமா? அவனுக்கு அடுத்த கடை இல்லை. அவனுக்கு இருப்பது அதனினும் பெரிதான ஓர் உரிமை: அந்தக் கடையே அவனுடையது. வரி அவனுடையது, வாக்கு அவனுடையது, வீதி அவனுடையது. உடைமையாளனை வாடிக்கையாளன் ஆக்குவது பதவி உயர்வு ஆகாது, பதவி இறக்கமாகும்.

உறுப்பினரே உடைமையாளராக நின்று, கணக்கும் சிக்கனமும் ஒழுங்கும் பேணித் தொழில் நடத்துதல் எமது மண்ணுக்கு அந்நியமானதன்று. 1930களிலே தோன்றிய மூளாய் கூட்டுறவு மருத்துவமனையும், புகையிலைச் செய்கையாளரின் மலையாளப் புகையிலைக் கூட்டுறவு விற்பனைச் சங்கமும் எவருடைய பயிற்சிப் பட்டறையில் முகாமைத்துவம் கற்றன? பொதுக்கூட்டத்தில் எழுந்து நின்று “இந்த ஐம்பது ரூபா எங்கே போயிற்று?” என்று கேட்கும் ஓர் அங்கத்தவனுக்கு இருந்த அச்சமே அங்கு முகாமைத்துவத்தின் ஆணிவேர். அவ்வாணிவேர் சபைகளில் அறுந்துபோனமைக்கு வரலாறும் ஒரு காரணம். ஊர்தோறும் இருந்த கிராம சபைகளும் பட்டின சபைகளும் 1981இல் ஒழிக்கப்பட்டு 24 மாவட்ட அபிவிருத்திச் சபைகள் அமைக்கப்பட்டன. பின்னர் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த பிரதேச சபை ஒவ்வொன்றும் பல கிராம சபைகளின் பரப்பை அடக்கி நின்றது. போர்க்காலத்தில் எமது சபைகள் நெடுங்காலம் பிரதிநிதிகள் இன்றியே கிடந்தன. சபை தூரமாயிற்று, கேள்வி கேட்கும் பழக்கம் தேய்ந்தது.

இன்னுமொன்று. முகாமைத்துவம் பேசும் சுற்றறிக்கையும், கணினியில் வரும் படிவமும், பயிற்சிக் கையேடும் தமிழ்ப் பிரதேசங்களுக்கு எந்த மொழியில் வருகின்றன? தமிழும் அரசகரும மொழி என்று அரசியலமைப்பில் 1987இலேயே எழுதியாயிற்று. எனினும் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ வரும் தாளை மொழிபெயர்ப்பித்துப் படித்த பின்னரே கருமம் தொடங்க வேண்டிய நிலை இன்னும் அற்றுப்போகவில்லை. தன் ஊழியனுக்கு விளங்காத மொழியிற் கட்டளையிடும் கம்பனி உலகில் எங்கேனும் உண்டா? தனியார் துறையைப் பின்பற்றச் சொல்வோர் இந்த முதற் பாடத்தையேனும் தாம் பின்பற்றட்டும்.

ஆகவே சபைகள் செய்யத்தக்கது யாது? கம்பனியிடமிருந்து ஒழுங்கை எடுத்துக்கொள்ளட்டும், நோக்கத்தை எடுத்துக்கொள்ளாதிருக்கட்டும். விண்ணப்பம் கிடைத்த நாளும், முடிவு கூறும் நாளும் பொறித்த பற்றுச்சீட்டு ஒவ்வொருவர் கையிலும் கொடுக்கப்படட்டும். தாமதமாயின் காரணம் எழுத்திலே கூறப்படட்டும். ஒவ்வொரு வட்டாரத்திற்கும் செலவான பணம் எவ்வளவு, நடந்த வேலை எது என்பது மாதந்தோறும் சந்தையிலும் வாசிகசாலையிலும் தமிழில் ஒட்டப்படட்டும். சந்தைக் குத்தகை நிபந்தனைகளில் நிறையும் கழிவும் கட்டணமும் ஐயத்துக்கு இடமின்றி எழுதப்பட்டு, மீறியவரின் குத்தகை நீக்கப்படட்டும். ஊழியருக்கு இலக்கு வைப்பதாயின், அவ்வேலையைச் செய்பவரையும் அவ்வேலையாற் பயன்பெறுபவரையும் கேட்டு வைக்கட்டும். வருட வரியைச் சனவரி 31ஆம் திகதிக்கு முன் செலுத்துவோருக்குப் பத்து வீதம் கழிவு என்ற வணிக அறிவு எமது உள்ளூராட்சிச் சட்டத்திலேயே உண்டு. அதனை அறியாத இறையிறுப்பாளர் பலர். இருக்கும் சட்டத்தை மக்களுக்கு அறிவித்தலும் முகாமைத்துவமே. இவற்றுக்குக் கொழும்பின் அனுமதியோ மேலதிக நிதியோ வேண்டியதில்லை; மனம் ஒன்றே வேண்டும். அதிகாரம் போதாது என்ற உண்மையான குறையைத் தம் கையிலுள்ள அதிகாரத்தையும் பயன்படுத்தாமைக்குச் சாட்டாக்கும் சபை, மக்களின் மன்னிப்புக்கு உரியதன்று.

அரசாங்கத்திற்கும் கூறுவோம். வினைத்திறன் வேண்டுமாயின் அதற்குரிய அதிகாரத்தைத் தாருங்கள். ஆளணியைத் தீர்மானிக்கும் உரிமையை மாகாணத்திற்கும் சபைக்கும் பகிருங்கள். மதிப்பீட்டைக் காலத்தில் முடியுங்கள். மாகாண சபைகளை மக்கள் பிரதிநிதிகளிடம் ஒப்படையுங்கள். கட்டளை அனுப்பினால் தமிழில் அனுப்புங்கள். அதன் பின்னர் எமது சபைகளைக் குறை கூறுங்கள், கேட்டுக்கொள்வோம்.

ஈற்றில் எமது வாசகர்களுக்கு ஒரு சொல். கணக்காளரும் பொறியியலாளரும் சட்டத்தரணிகளும் ஆசிரியரும் சபையைப் பற்றி வீட்டு விறாந்தையிற் குறை பேசுவதோடு கடமை முடிந்தது என்று எண்ணலாகாது. வரவுசெலவுத் திட்டத்தைப் படித்துச் சொல்ல அறிந்தவர் நீங்கள். அயலவருக்குப் படித்துச் சொல்லுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் ஒரு தாளும் ஒரு பேனாவும் உள்ள எவருக்கும் கேள்வி கேட்கும் உரிமையைத் தந்துள்ளது, அதனைப் பயன்படுத்துங்கள். விவசாயப் பெருமக்களே, சந்தை உங்களது. அதன் கணக்கைக் கேளுங்கள். வரியைக் காலத்திற் கட்டுங்கள்; கட்டிய கையோடு கேள்வியையும் கேளுங்கள். உடைமையாளன் வயலுக்கு நாளும் சென்று வரம்பைப் பார்த்தால் விளைச்சல் தானே பெருகும் என்பது உங்களுக்கு நாம் கற்பிக்க வேண்டிய பாடமன்று. சபையும் உங்கள் வயலே. வரம்புக்கு வாருங்கள்.